உங்களுக்குத் தெரியுமா? குடியம் போகும் காட்டுவழி

திருவள்ளூர் மாவட்டம் பூண்டிக்கு அருகே, அல்லிக்குழி மலைக்காட்டுக்குள் இருக்கின்றன குடியம் குகைகள். 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 மலையேற்றப் பாதைகளில் இங்கே போகும் வழியும் ஒன்று. வழிகாட்டியுடன் குழுவாகப் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம்.

குகைச் சுவர் முழுக்கக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். இத்தகைய குவார்ட்சைட் கற்களைத்தான் ஆதிமனிதர்கள் உடைத்துச் செதுக்கிக் கைக்கோடரி ஆக்கினார்கள். அருகே, கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அந்தக் கருவிகளை 1863இல் கண்டறிந்தவர் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு 2011இல் அறிவித்தது. சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில்!

போகிறவர்கள் வழியில் கிடக்கும் கல் எதையும் எடுத்து வராதீர்கள். அது கருவியாக இருக்கலாம்.