இங்கே மட்டும், இப்போது மட்டும்!



நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெல்ல மண்டி நடத்தி வருகிறேன். சரக்கு எடுக்கப் போவது, பாக்கி வசூலுக்குப் போவது, கோயிலுக்குப் போவது, இந்த மூன்றும்தான் என் பயணங்கள். மகளும் மருமகனும் ஜப்பானில் நாகோயா நகரில் வசிப்பதால், 2024ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் அங்கே போய்வரும் வாய்ப்புக் கிடைத்தது. "மாமா, பெரிய கட்டிடங்களை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்த மாதம் மலை ஊர்களைத்தான் பார்க்க வேண்டும்" என்று மருமகன் அழைத்துப் போனார். அங்கே கண்டவற்றில் நம் தொழிலுக்கு வேண்டியதும் நிறைய இருந்ததால் இதை எழுதுகிறேன்.

முதலில் நகாட்சுகாவா. நாகோயாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த மலையடிவார ஊரின் பெயரைச் சொன்னாலே அங்குள்ளவர்களுக்கு நினைவு வருவது 'குரி கிந்தோன்' என்னும் இனிப்பு. கஷ்கொட்டையை வேகவைத்தால் உள்ளே நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல மாவாக இருக்கும். அதை வழித்தெடுத்து, சர்க்கரை சேர்த்துக் கிளறி, துணியில் வைத்து முறுக்கிப் பிடிக்கிறார்கள். அவ்வளவுதான். நெய் இல்லை, ஏலம் இல்லை. கொட்டையின் வாசனையே வாசனை.

செப்டம்பரில் புதுக் கொட்டை வந்ததும் விற்பனை தொடங்குகிறது. குளிர்காலத்தில் கொட்டை தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. பிறகு அடுத்த செப்டம்பர்தான். வாங்கினால் சில நாட்களுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கொட்டையைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து வருடம் முழுவதும் போடலாமே என்று ஒரு கடையில் மருமகன் மூலமாகக் கேட்டேன். அப்படிச் செய்தால் செப்டம்பர் எப்போது வரும் என்று யார் காத்திருப்பார்கள் என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்தின் அருகே உள்ள ஒரு விற்பனை நிலையத்தில், ஊரில் உள்ள பல இனிப்புக் கடைகளின் குரி கிந்தோனை ஒரே பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். போட்டிக் கடைகள் ஒரே பெட்டிக்குள்! 'என் கடை' என்பதற்கு முன்னால் 'எங்கள் ஊர்' என்பது நிற்கிறது. சங்கம் வைத்திருக்கும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்து தகாயாமா. நாகோயாவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஹிடா ஆற்றை ஒட்டியே ரயில் மலையேறுகிறது. மலைச்சரிவு முழுவதும் சிவப்பும் மஞ்சளும் செம்பழுப்புமாக இலைகள். வீட்டுத் தாழ்வாரங்களில் தோல் சீவிய 'காகி' பழங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பார்வைக்குத் தக்காளி போல இருக்கும். பச்சையாகக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. காயக் காயத் துவர்ப்பு மறைந்து, பழத்தின் சர்க்கரையே வெள்ளை மாவாக மேலே பூக்கிறது. வெல்ல வியாபாரியான நான் வியந்துபோனேன்.

பழைய கடைத்தெருவில் மதுவடிக்கும் கடைகளின் வாசலில் தேவதாரு வகை மரத்தின் தழையால் கட்டிய பெரிய பந்து தொங்குகிறது. புதுச் சரக்கு இறங்கும்போது பச்சைப் பந்து கட்டுவார்கள். மாதங்கள் போகப்போக அது பழுப்பாகும். தெருவில் போகிறவருக்குச் சரக்கின் வயது தெரிந்துவிடும். எழுத்தில்லாத விளம்பரப் பலகை!

தகாயாமாவில் மியாகாவா ஆற்றங்கரையில் காலைச் சந்தை கூடுகிறது. குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் காலை ஏழு மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடிகிறது. சிவப்பு முள்ளங்கி போன்ற கிழங்கின் ஊறுகாய், ஆப்பிள், மிசோ என்னும் சோயா விழுது எல்லாம் வைத்துக்கொண்டு வயதான பெண்மணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அரிசி உருண்டைகளைக் குச்சியில் கோத்து, சோயா சாறு தடவித் தணலில் சுட்டுத் தருகிறார்கள். இரவு விடுதியில், மந்தாரை இலையைவிடப் பெரிய ஹோ மரத்துச் சருகைத் தணல்மேல் வைத்து, அதன்மேல் மிசோவும் காளானும் வெங்காயத்தாளும் இட்டுச் சுடச்சுடத் தந்தார்கள். இலை கருகும் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. சைவ உணவுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே குழம்புகளில் மீன் சாறு சேர்ப்பது வழக்கம். கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

ஒரு பொருள் உச்சச் சுவையில் இருக்கும் நாட்களை அவர்கள் 'ஷுன்' என்கிறார்கள். அவர்களுடைய பழைய பஞ்சாங்கத்தில் ஆண்டுக்கு 72 சிறு பருவங்கள். ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒன்று!

நெடுஞ்சாலைகளில் 'மிச்சி நோ எகி', அதாவது சாலை நிலையம் என்று அமைத்திருக்கிறார்கள். 1993இல் முறைப்படி தொடங்கிய இவை இன்று நாடெங்கும் 1,200க்கு மேல். வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, உணவுக்கடை, அத்துடன் அந்த வட்டாரத்து விளைபொருள். பல நிலையங்களில் விவசாயியே தன் பெயரும் விலையும் ஒட்டிக் காய்கறியை வைத்துவிட்டுப் போகிறார். விற்றதில் கமிஷன் கழித்துப் பணம் வருகிறது. மொத்த வியாபாரிக்கு அங்கே வேலையே இல்லை! முதலில் மனம் கொஞ்சம் கசந்தது. பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். பத்து ஊர் வெல்லத்தைக் கலந்து ஒரே மார்க்காவில் மூட்டை கட்டி, எந்த ஊர்ச் சரக்கு என்பதையே மறைத்தவன் நான்தானே?

அங்கும் எல்லாம் செழிப்பு என்று நினைக்க வேண்டாம். மக்களில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் கடைகளையும் பார்த்தேன். தகாயாமா சந்தையோடு சேர்த்துப் புகழப்படும் வாஜிமா காலைச் சந்தை, ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பார்கள். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில், சந்தைத் தெருவைச் சுற்றிச் சுமார் 240 கட்டிடங்கள் எரிந்து போயின. அந்த மார்ச் மாதமே வாஜிமா வியாபாரிகள் கனசாவா நகருக்குச் சென்று, தங்கள் சந்தையின் பெயரிலேயே கடை விரித்தார்கள். மகள் இதைப் படித்துச் சொன்னபோது என் கண் கலங்கியது. இடம் போனாலும் சந்தையை விடவில்லை அவர்கள்.

ஊர் திரும்பியதும் 2025 பொங்கலுக்கு முன்பு ஒரு காரியம் செய்தேன். புது வெல்லம் வந்த அன்று மண்டி வாசலில் பச்சைக் கரும்புத் தோகையைக் கட்டினேன். கலக்காமல், மூட்டைக்கு மூட்டை ஆலை இருக்கும் ஊரின் பெயரை எழுதி வைத்தேன். பழைய இருப்பைத் தனியே வைத்து, பழையது என்று சொல்லியே விற்றேன். லாபம் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆனால் நான்கு சில்லறைக் கடைக்காரர்கள் மறுபடி வந்து, "அண்ணாச்சி, அந்த ஊர்ச் சரக்கு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

"தீர்ந்துவிட்டது. அடுத்த தை மாதம் வாருங்கள்" என்றேன். இத்தனை ஆண்டு வியாபாரத்தில் 'சரக்கு இல்லை' என்று மகிழ்ச்சியோடு சொன்னது அதுதான் முதல் தடவை.