பிடிலுக்குள் ஒட்டிய சீட்டு

பழைய பிடில் ஒன்று பரணில் உறங்கும் வீடுகள் நம்மவர்களிடையே பல உண்டு. பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலந்தொட்டு இருநூறு வருஷமாக நம் சங்கீதத்தோடு உறவாடி வரும் வாத்தியமல்லவா? அதை எடுத்துத் தூசி தட்டி, மேற்பலகையிலுள்ள வளைந்த துவாரத்தின் வழியே உள்ளே நோக்கினால், மங்கிய காகிதச் சீட்டு ஒன்று தென்படுகிறது. அதில் லத்தீன் மொழியில், அந்தோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ் என்ற பெயரும், கிரெமோனா என்ற ஊரும், 1721 என்ற வருஷமும்! அவ்வளவுதான், பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் மேல்படிப்பு, மாடி வீடு எல்லாம் மனக்கண்முன் வரிசையாக வந்து நிற்கின்றன.

இந்த ஆனந்தத்தைக் கலைக்க நமக்கு மனமில்லை. ஆயினும், அந்தச் சீட்டு எதையும் நிரூபிப்பதில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இத்தாலியில் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737-ல் காலமான ஸ்ட்ராடிவேரி செய்த வாத்தியங்களில் இன்று எஞ்சியிருப்பவை சுமார் 650. அவர் பெயர் தாங்கிய சீட்டுகளோ ஆயிரமாயிரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹன், மிட்டன்வால்ட், பிரான்ஸின் மிர்கூர் ஆகிய ஊர்களில் மலிவான பிடில்கள் ஏராளமாக உற்பத்தியாயின. எந்த மேதையின் மாதிரியைப் பின்பற்றினார்களோ, அவர் பெயரை உள்ளே ஒட்டி அனுப்பினார்கள். வாங்கியவர்களும் அதை அறிந்தே வாங்கினார்கள். பாட்டனாருக்குத் தெரிந்திருந்த விஷயம் பேரனுக்கு மறந்துபோயிற்று.

ஆகவே, சீட்டை விட்டு மரத்தைப் பார்க்க வேண்டும். விளிம்பையொட்டி ஓடும் கருங்கோடு மரத்தில் பதித்ததா, மையால் தீட்டியதா? தீட்டியதாயின் மலிவுச் சரக்கென்றே கொள்ளலாம். பிருடைகள் செருகிய தலைப்பகுதி பழையதாகவும், கழுத்து பிற்காலத்தில் மாற்றப்பட்டதாகவும் இருந்து, இணைத்த தடம் தெரிகிறதா? மிகப் பழைய பிடில்களில் பெரும்பாலும் அத்தடம் இருக்கும். அதையும் போலியாகக் கீறிவிடுவோர் உண்டு. சீட்டில் 'ஜெர்மனி' என்று அச்சிட்டிருந்தால் விவகாரம் தீர்ந்தது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வேண்டுமென்று அமெரிக்கா 1890-ல் சட்டம் செய்த பின்னரே அவ்வழக்கம் பரவிற்று.

விஞ்ஞானமும் கை கொடுக்கிறது. மேற்பலகையின் ஆண்டு வளையங்களை அளந்து, மரம் எக்காலத்தது என்று கணிக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் காட்சிசாலையிலுள்ள 'மெஸையா' என்னும் 1716-ம் வருஷத்துப் பிடிலைப் பற்றிச் சந்தேகம் கிளம்பியபோது, அதன் கடைசி வளையம் 1680-களைச் சேர்ந்தது என்று இவ்வழியில் கண்டார்கள். ஆனால் வளையம் மரத்தின் வயதைத்தான் கூறும். செய்தவன் பெயரைக் கூறாது.

பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஓர் உதாரணம்: 1721-ல் ஸ்ட்ராடிவேரி செய்த 'லேடி பிளண்ட்' 2011-ல் 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இத்தகைய விலை இருக்குமிடத்தில் மோசடியும் இருக்கும். பழைய பிடில் வியாபாரத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த டீட்மர் மாஹோல்டு என்பவருக்கு வியன்னா நீதிமன்றம் 2012-ல் ஆறு வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் சொல்லை நம்பிய பாங்குகளே ஏமாந்தன என்றால் நம் போன்றோர் எம்மாத்திரம்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. சீட்டு பொய் என்பதனால் வாத்தியம் பொய்யாகிவிடாது. அதிகம் அறியப்படாத நல்ல தச்சனின் சீட்டைக் கிழித்துவிட்டுப் புகழ்பெற்றவன் பெயரை ஒட்டிய வியாபாரிகளும் இருந்திருக்கிறார்கள். "ஸ்ட்ராடிவேரியஸ் அல்ல" என்று கேட்ட ஏமாற்றத்தில், அத்தகைய பிடிலை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் நஷ்டமே.

ஆதலால் விற்க எண்ணுவோர் சிலவற்றை நினைவில் வைக்கலாம். சீட்டைப் பிய்க்க வேண்டாம். பழைய வார்னிஷைச் சுரண்டிப் புதிது பூச வேண்டாம். அதனால் மதிப்பு குறையும். முதுகுப் பலகையில் விரிசல் உண்டா என்று பாருங்கள். நாதத்தைத் தாங்கும் உட்குச்சி நிற்குமிடத்தில் விரிசலிருந்தால் விலை வெகுவாகச் சரியும். வாங்கிய ரசீது, பழைய கடிதம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். முக்கியமாக, மதிப்பிடுபவரிடமே விற்காதீர்கள். வாங்க ஆசைப்படாத நிபுணரிடம் கூலி கொடுத்து, எழுத்து மூலமாக அபிப்பிராயம் பெறுங்கள்.

மலிவுச் சரக்கென்றே தீர்ந்தாலும் வருந்துவானேன்? தந்தி மாற்றி, குதிரையைச் சரியாக நிறுத்தி, வீட்டுக் குழந்தையின் கையில் கொடுக்கலாம். பரணில் கிடந்த காலமெல்லாம் அது யாருக்கும் எதுவும் தந்ததில்லை. ஸரளி வரிசை ஒலிக்கத் தொடங்கினால் அன்றே லாபம்.