தபாலில் வந்த காளான்கள்

1892-ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து, லண்டனில் வசதியான ஒரு வீட்டுக்கு ஸ்காட்லாந்திலிருந்து அவ்வப்போது பொட்டலங்கள் வரத் தொடங்கின. உள்ளே காட்டுக் காளான்கள். அனுப்பியவர் சார்லஸ் மெக்கின்டாஷ். பெர்த்ஷயர் கிராமங்களில் பல ஆண்டுகள் நடந்தே தபால் கொடுத்தவர். நடந்த வழியில் பாசி, பூஞ்சை, பெரணி என்று பார்த்துப் பார்த்தே தாவரவியல் கற்றவர். பொட்டலத்தைப் பிரித்தவர் 26 வயது பியாட்ரிக்ஸ் பாட்டர். வாடுவதற்குள் காளானை வரைந்து, ஒரு படத்தை மெக்கின்டாஷுக்கே அனுப்பிவைப்பார்.

பிற்பாடு பீட்டர் முயல் கதையால் உலகப் புகழ் பெற்ற அதே பாட்டர்தான். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. பாடம் சொல்ல ஆசிரியைகள் வீட்டுக்கே வந்தார்கள். அவரும் தம்பி பெர்ட்ரமும் மாடி அறையில் முயல், பல்லி, தவளை, வௌவால் எல்லாம் வளர்த்தார்கள். செத்த பிராணிகளை வேகவைத்து எலும்புகளைக் கோத்து வைப்பதும் உண்டு. (இதற்கு அடுப்பைத் தரும் அம்மா யாராவது இங்கே இருந்தால் அவருக்கு என் வணக்கம்.) எட்டு, ஒன்பது வயதில் அவர் வைத்திருந்த நோட்டில் கம்பளிப்பூச்சிப் படங்கள் இருக்கின்றன, எங்கே கிடைக்கும், எதைத் தின்னும் என்ற குறிப்புகளும் இருக்கின்றன.

காளான் படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் தபால்காரர் அதோடு விடவில்லை. குறுக்கே வெட்டிய தோற்றத்தையும் வரையுங்கள், குடைக்கு அடியிலுள்ள தகடுகள் காம்போடு எப்படிச் சேர்கின்றன, காம்பின் உள்ளே வெற்றிடமா இல்லையா என்று காட்டுங்கள் என்றார். காளானை இனம் காண்பதற்கு நிறம் மட்டும் போதாது. ஒரே இனம் மழையில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம். தகடு காம்பைத் தொடாமல் நிற்கிறதா, ஒட்டியிருக்கிறதா, காம்பில் கீழிறங்கி ஓடுகிறதா என்பது அவ்வளவு எளிதில் மாறாது.

பாட்டர் வெட்டிப் பார்த்தார். பிறகு நுண்ணோக்கியில் ஸ்போர்களை, அதாவது காளானின் விதை போன்ற தூளை, பார்த்தார். பிறகு அவற்றை முளைக்கவும் வைத்தார். இதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1897 ஏப்ரல் 1 அன்று இயற்கை அறிவியலாளர்களின் அமைப்பான லண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. கியூ தாவரவியல் பூங்காவின் ஜார்ஜ் மாசி அவர் சார்பில் சமர்ப்பித்தார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அச்சேறவில்லை, இன்று பிரதியும் இல்லை. படங்கள் மட்டும் பிழைத்தன. 1967-இல் டபிள்யூ.பி.கே. ஃபின்ட்லே காளான்களைப் பற்றி எழுதிய நூலில் அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை இடம்பெற்றன.

குழந்தைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் பெற்றோர் பலர் இன்று, பாட்டர் சிறுவயதில் வைத்திருந்தது போன்ற இயற்கை நோட்டு போடச் சொல்கிறார்கள். அவர்களில் பலர் பின்பற்றுவது சார்லட் மேசனை. 1886-இல் வீட்டுக் கல்வி பற்றி நூல் எழுதியவர். 1892-இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், ஆம்பிள்சைடில், ஆசிரியைகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். அவருடைய ஆவணங்களும் பாட்டரின் காளான் படங்களும் இன்று அதே ஊரிலுள்ள ஆர்மிட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மேசன் சொல்லும் ஒரு விளையாட்டு எனக்குப் பிடித்தது. அம்மா ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் ஓடிப்போய் தூரத்தில் உள்ள ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, கண்டதையெல்லாம் சொல்ல வேண்டும். விட்டுப்போனதற்குத் திரும்ப ஓட வேண்டும். அம்மா எதையும் விளக்க வேண்டியதில்லை. நோட்டையும் பெரியவர்கள் திருத்தக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

வரைவதால் என்ன பயன் என்று கேட்பவர்கள், தினமும் பார்க்கும் வேப்பிலையின் ஒரே ஒரு சிற்றிலையை மனத்திலிருந்து வரைந்து பார்க்கட்டும். நடுநரம்பின் இரு பக்கமும் சமமாகத்தான் வரும். பிறகு மரத்தடிக்குப் போய் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அரிவாள் போல வளைந்து, விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாக, அடிப்பகுதி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். பென்சில் பிடித்த கை ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கண்ணைக் கேள்வி கேட்கிறது. மழைக்காலத்தில் காளானையும் இப்படிக் கூர்ந்து பார்க்கலாம். விரிந்த குடையைக் காம்பு நீக்கி, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டால் தகடுகளின் கோலத்திலேயே ஸ்போர்த் தூள் படியும். அதன் நிறமும் இனம் காண உதவும். பார்ப்பதற்கு மட்டும்தான், வாயில் வைக்க அல்ல. கை கழுவுவதும் கட்டாயம்.

இப்போது கடைகளில் இயற்கை நோட்டுக்கென்றே வண்ணப்பெட்டியும் ஸ்டிக்கரும் விற்கிறார்கள். வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம். தேதியும் இடமும் இல்லாத பக்கத்தை மட்டும் நான் மதிக்க மாட்டேன். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார், 1736 முதல் வசந்தத்தில் எந்த மரம் எந்த நாளில் இலைவிட்டது, தவளை எப்போது கத்தியது என்று எழுதிவந்தார். அவருக்குப் பின் குடும்பத்தினர் 1958 வரை தொடர்ந்தார்கள். வெப்பம் கூடிய ஆண்டுகளில் மரங்கள் எவ்வளவு முந்தித் துளிர்க்கின்றன என்று கணக்கிட விஞ்ஞானிகள் அந்தக் குறிப்புகளைத்தான் நாடினார்கள்.

இந்தியாவிலும் இப்படி ஒரு பொதுக் கணக்கு உண்டு. சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளிப் பிள்ளையோ வீட்டில் படிக்கும் பிள்ளையோ, யாரும் சேரலாம். பக்கத்திலுள்ள ஒரு கொன்றையையோ புளியையோ தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். தளிர், மொட்டு, பூ, காய் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று குறிக்க வேண்டும். 'இல்லை' என்றே வாரக்கணக்கில் எழுதும் பிள்ளைக்குச் சலிப்பு வரும். பூத்த நாள் எதுவென்று தெரிவது அந்த 'இல்லை'கள் இருப்பதால்தான் என்பதை அப்போது சொல்லிக்கொடுக்கலாம்.