மைனஸ் 269 பாகையில் ஒரு காது

ஜொகூர், ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 26, 38 கிகாஹெர்ட்ஸ் அலைகளைத் திறந்தவெளியில் அனுப்பி, நம் மழை அவற்றை எவ்வளவு தின்கிறது என்று அளந்திருக்கிறார்கள். அது 5ஜிக்கான ஆய்வு. வானியலாளர்கள் தேடும் அலைகளின் அதிர்வெண் 100 கிகாஹெர்ட்ஸுக்கும் மேல்; நீளம் ஓரிரு மில்லிமீட்டர். இவற்றை விழுங்க மழைகூட வேண்டாம், காற்றின் ஈரமே போதும். அதனால்தான் ஆல்மா தொலைநோக்கியின் 66 அலைவாங்கிகளைச் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் நிறுவினார்கள். நம்மூர் வானம் இதற்கு உதவாது.

மலையேறினால் ஈரம் தீரும், கருவியின் சொந்தச் சூடு தீராது. சூடுள்ள எப்பொருளும் ரேடியோ அலையை உமிழும். அலையைப் பெறும் ஏற்பிக்குள் அதுவே இரைச்சல். விண்மீன்கள் பிறக்கும் மேகங்களில் கார்பன் மோனாக்சைடு வெளியிடும் 115 கிகாஹெர்ட்ஸ் அலையைச் சாதாரண ஏற்பியில் பிடிப்பது, பாசார் மாலாம் நடுவே நின்று கொசுவின் ரீங்காரம் கேட்பது போலத்தான்.

1979இல் வழி பிறந்தது. இரண்டு மீக்கடத்திப் படலங்கள், நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம்: சந்தி எனப்படும் இந்த அடுக்குதான் கருவி. இன்று நியோபியத்துக்கு நடுவே ஒரு நானோமீட்டர் அளவில் அலுமினிய ஆக்சைடு வைக்கிறார்கள். நியோபியம் சுமார் 9 கெல்வினில் மின்தடையை இழக்கும் என்பதால் சந்தியை 4 கெல்வின், அதாவது மைனஸ் 269 பாகை செல்சியஸ்வரை குளிர்விக்கிறார்கள். மின்னழுத்தம் 2.8 மில்லிவோல்ட்டை நெருங்கும்வரை மின்னோட்டம் அநேகமாக இல்லை, எட்டியதும் பாய்கிறது. அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திவைத்தால், வானிலிருந்து வரும் ஒரு ஃபோட்டானே ஓர் எலெக்ட்ரானை மறுபக்கம் கடத்திவிடும். இதன் குவாண்டம் கணக்கை வகுத்தவர் ஜான் டக்கர். கூடவே ஏற்பியே உண்டாக்கும் இன்னோர் அலையையும் சந்திக்குள் செலுத்தினால், இரண்டின் அதிர்வெண் வித்தியாசம் சில கிகாஹெர்ட்ஸில் வெளிவரும். அதைப் பெருக்குவது எளிது.

வெப்பநிலையாகச் சொன்னால், 230 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 11 கெல்வினுக்குச் சமம். நல்ல ஏற்பியின் இரைச்சல் அதன் நான்கைந்து மடங்குதான். மொத்த இரைச்சலைப் பாதியாக்கினால், அதே உன்னிப்புக்குக் கால்வாசி நேரம் போதும். இன்னொரு பெரிய தொலைநோக்கி கட்டுவதைவிட இது மலிவு என்பேன்.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 கருந்துளைப் படம், 1.3 மில்லிமீட்டர் அலைகளை இத்தகைய சந்திகள் பிடித்துத் தந்தது. மென்படலம், குளிர்விப்பு, நுண்ணலைச் சுற்று என எதைக் கற்றாலும் இத்துறைக்குள் நுழையலாம். வானியல் பட்டம் இல்லையே என்று நம் பிள்ளைகள் தயங்க வேண்டாம்.