பெரியம்மாவின் விரலும் என் விரலும்

பெரியம்மாவின் வலது கால் கட்டைவிரலுக்குச் சிறுவயதில் நாங்கள் வைத்த பெயர் ஆட்டுவால். மற்ற நான்கு விரல்களும் தரையில் பதிந்திருக்க, அது மட்டும் குட்டையாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பிடித்து ஆட்டினால் எந்தப் பக்கமும் போகும். கட்டைவிரலை நுழைக்கும் வளையம் வைத்த தோல் செருப்பைப் போட்டால் இரண்டே எட்டில் கழன்றுவிடும். அதனால் அவருக்கு எப்போதும் பின்வார் வைத்த செருப்புத்தான்.

1976இல் செய்த அறுவை சிகிச்சை அது. பெரியம்மாவுக்கு அப்போது 39 வயது, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க நின்றே பாடம் நடத்துவார். கட்டைவிரல் அடிமூட்டில் வலி வந்தபோது முதலில் வாதம் என்றார்கள். எண்ணெய் போட்டார்கள், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார்கள். மூட்டு வரவர இறுகி, மேல்பக்கம் ஒரு புடைப்பும் எழும்பியது. கடைசியில் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, விரல் எலும்பின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய இடம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விரல் நுனி வழியாக ஒரு கம்பி. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கம்பி முனை போர்வையில் மாட்டாமல் இருக்க, நர்ஸ் ஒரு பென்சிலின் பாட்டிலின் ரப்பர் மூடியைச் செருகி அனுப்பினாராம். தெருப்பிள்ளைகள் அதைப் பார்க்க வரிசையில் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. வரிசையில் நானும் நின்றேன்.

மூன்று மாதம் விடுப்பு. வலி போனது. விரலின் வேலையும் அதோடு போய்விட்டது.

அந்த முறைக்குப் பெயர் கெல்லர். வில்லியம் கெல்லர் என்ற அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் 1904இல் எழுதி வைத்தது. அவர் எழுதியது பக்கவாட்டில் கோணிப்போன கட்டைவிரலுக்கு. பிற்பாடு இறுகிப்போன மூட்டுக்கும் அதையே செய்தார்கள். கணக்கு எளிமையானது: இரண்டு எலும்புகள் உரசுவதால்தானே வலி, ஒன்றை வெட்டிவிட்டால் உரச என்ன இருக்கிறது? அந்தக் கணக்கு தப்பும் இல்லை. நடமாட்டம் குறைந்த முதியவர்களுக்கு இன்றும் அதைச் செய்கிறார்கள். ஆனால் 39 வயதில், பாதி நாள் நின்று பிழைக்கிற ஒருத்திக்கு அதன் விலை பிறகுதான் தெரியவரும். பெரியம்மாவுக்கு இரண்டாம் விரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு ரூபாய் அகலத்துக்குக் காய்ப்பு விழுந்தது. கட்டைவிரல் சுமக்காத பாரத்தை அடுத்த விரல் சுமந்ததன் தழும்பு அது.

அந்த மூட்டு என்ன செய்கிறது என்பதை நான் என் காலில்தான் படித்தேன். ஒரு எட்டின் முடிவில் குதிகால் எழும்பும்போது கட்டைவிரல் தரையைவிட்டு அகலாது. மூட்டு மட்டும் மடங்கும், ஏறக்குறைய 65 பாகை வரை. அப்படி மடங்கும்போது உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த நார், உருளையில் கயிறு சுற்றுவதுபோல மூட்டைச் சுற்றி இழுபட்டு, பாதத்தின் வளைவைத் தூக்கி இறுக்குகிறது. தொளதொளவென்றிருந்த பாதம் அந்த நொடியில் நெம்புகோலாகிவிடும். இதை 1954இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். கெல்லர் செய்த விரலில் கயிற்றின் முனை பற்றியிருக்கும் எலும்பின் அடிப்பாகமே இல்லை. அப்புறம் கயிற்றை எது இழுக்கும்?

எனக்கு 45 வயதில் தொடங்கியது. மாடிப்படி ஏறும்போது ஒரு சுருக். பேருந்தைப் பிடிக்க ஓடினால் இரண்டு சுருக். மூட்டின் மேல் வந்த புடைப்பு ஷூவில் உரசிச் சிவந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் "யூரிக் ஆசிட்" என்றார்கள். யூரிக் ஆசிட் மிகுந்து வரும் கவுட்டும் அதே மூட்டைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் கவுட் திடீரென்று நள்ளிரவில் வந்து போர்வை பட்டாலே அலற வைக்கும். இது அப்படி இல்லை, நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் சமர்த்தாக இருக்கும். எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி குறுகி, மேல் விளிம்பில் எலும்பு ஒரு உதடு போல முன்னுக்குத் துருத்தியிருந்தது. விரல் மேல்நோக்கி மடங்கும்போதெல்லாம் அந்த உதடு கதவிடுக்கில் வைத்த கல்லைப் போலத் தடுத்தது.

இங்கேதான் பெரியம்மாவின் காலத்துக்கும் என் காலத்துக்கும் முதல் வித்தியாசம். மருத்துவர் எலும்பை எடுப்பதைப் பற்றிப் பேசவில்லை, அந்த உதட்டை மட்டும் செதுக்கலாம் என்றார். சீலெக்டமி. கிரேக்கத்தில் உதடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். பாத எலும்பின் தலையில் மேல்பக்கம் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சீவி எடுப்பார்கள், மூட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். 1959இல் டுவ்ரீஸ் சொல்லி, 1980களில் ராஜர் மான் நிலைநாட்டிய முறை. கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்: லேக்கர்ஸ் அணியின் ஷாக்கில் ஓ'நீல் 2002 செப்டம்பரில் இதே கட்டைவிரல் மூட்டுக்குத்தான் கத்தி வைத்துக்கொண்டார். தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்ற அணி, அடுத்த பருவத்தின் முதல் 12 ஆட்டங்களை அவர் இல்லாமல் ஆட வேண்டிவந்தது. தொடர்ந்து நான்காவது கோப்பை கிடைக்கவில்லை. ஏழடி உயரமும் நூற்றைம்பது கிலோ எடையும் கொண்ட மனிதரை ஒரு விரல் உட்கார வைத்ததை நினைக்கையில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

செதுக்கியதில் எனக்குப் பத்து வருடம் கிடைத்தது. தேய்ந்த குருத்தெலும்பு தேய்ந்ததுதான், செதுக்கினால் திரும்ப வளராது. 2022 வாக்கில் எலும்போடு எலும்பு உரசத் தொடங்கியது. மறுபடியும் போய் உட்கார்ந்தபோது நானும் படித்த திமிரில் ஒரு கேள்வி கேட்டேன்: "முழங்காலுக்கெல்லாம் செயற்கை மூட்டு வைக்கிறீங்களே டாக்டர், இந்த ஒரு விரலுக்கு முடியாதா?"

அவர் சிரித்தார். ஐம்பது வருடமாக முயல்கிறார்கள் என்றார்.

உண்மைதான். 1960களின் இறுதியில் ஆல்ஃபிரட் ஸ்வான்சன் சிலிகான் மூட்டைக் கொண்டுவந்தார். வைத்த சில காலம் நன்றாக மடங்கும். பிறகு சிலிகான் துகள் துகளாக உதிர்ந்து, சுற்றியிருக்கும் எலும்பை அரிக்கும். அடுத்து உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மூட்டுகள் வந்தன. எடின்பரோவில் 63 நோயாளிகளின் 77 விரல்களை எடுத்துக்கொண்டு, செயற்கை மூட்டா, மூட்டின் இரண்டு எலும்புகளையும் அசையாமல் ஒட்டிவிடுவதா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. ஒட்டிய 38 விரல்களும் ஒட்டிக்கொண்டன. செயற்கை மூட்டு வைத்த 39இல் 6 கழன்றுபோய் எடுக்க வேண்டிவந்தது. இடுப்பிலும் முழங்காலிலும் பிழைக்கிற செயற்கை மூட்டு இங்கே ஏன் தோற்கிறது? எலும்பு சிறியது, பிடிமானத்துக்கு இடம் போதாது. ஒவ்வொரு எட்டிலும் உடல் பாரம் அதை அழுத்துவதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் தள்ளித் தேய்க்கிறது.

நான் படித்துவிட்டுப் போனது அதற்கும் பிந்தைய சங்கதி. பாலிவினைல் ஆல்கஹாலில் செய்த, நீர் கோத்த ஜெல் போன்ற ஒரு சின்ன அடைப்பான், கார்ட்டிவா என்று பெயர். பாத எலும்பின் தலையில் துளைபோட்டு அழுத்திவிட வேண்டியதுதான், வேலை முடிந்தது. 202 பேரை வைத்து நடத்திய ஆய்வில் இரண்டு வருட முடிவில் ஒட்டுதலுக்கு நிகராக இருந்ததாகச் சொல்லி, 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. என் மருத்துவர் அதற்கு உடன்படவில்லை. "இருபது வருஷம் நடக்கணுமா, ரெண்டு வருஷம் நடக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். அப்போது எனக்குச் சின்ன வருத்தம். 2024 அக்டோபரில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது என்று தயாரிப்பு நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தியைப் படித்த அன்று வருத்தம் தீர்ந்தது.

ஆக எனக்குச் செய்தது எல்லாவற்றிலும் பழையது. மூட்டை ஒட்டிவிடுவது கெல்லருக்கும் முந்திய சமாசாரம். 1894இல் கிளட்டன் என்ற லண்டன் மருத்துவர், கோணிய கட்டைவிரலை நிமிர்த்தி, மூட்டில் தந்தத்தால் செய்த முளை அடித்து ஒட்ட வைத்திருக்கிறார். யானைத் தந்தம்! இன்று அந்த இடத்தில் டைட்டானியம் தகடும் திருகுகளும். இதில் மாறியது கருவியும் கோணமும்தான். ஒரு பக்கத்து எலும்பைக் கிண்ணமாகக் குடைந்து, மறுபக்கத்தை அதில் பொருந்தும் குமிழாகச் சீவுகிறார்கள். எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திருப்பி நிறுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு முடுக்கலாம்.

கணுக்காலைச் சுற்றி ஊசி போட்டிருந்ததால் நான் விழித்தபடியே கிடந்தேன். திரைக்கு அப்பால் துரப்பணச் சத்தம், பல் மருத்துவரிடம் கேட்பது போல. பிறகு ஒரு அமைதி. "அந்த ட்ரே மூடியை எடுங்க" என்ற குரல். கருவிகள் வைத்திருந்த எஃகுத் தட்டின் மூடியை என் உள்ளங்காலில் அழுத்திப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த மூடிதான் தரை. அதன்மேல் கால் ஊன்றியதுபோல வைத்து, விரல் நுனி எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று பார்த்து, அதற்குப் பிறகே திருகை முடுக்கினார்கள். ரொம்பத் தாழ்ந்தால் நுனி தரையில் குத்தும், ரொம்ப உயர்ந்தால் ஷூவின் மேல்புறத்தில் இடிக்கும். இத்தனை நவீனத்துக்கு நடுவில் ஒரு தட்டு மூடியின் வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அன்று மாலையே வீடு. ஆறு வாரம் முன்பாதம் தரையில் படாத, குதியில் மட்டும் பாரம் தாங்கும் ஒரு விநோதச் செருப்பு. எலும்பு சேரும்வரை பீடி சிகரெட் வாசனையே ஆகாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறுவைக்கு முன் மருத்துவர் கேட்ட கேள்விகள்தான் பெரியம்மாவிடம் யாரும் கேட்காதவை: தரையில் உட்காருவீர்களா, குந்தி எழும்போது எந்தக் காலை ஊன்றுவீர்கள், விழுந்து கும்பிடும் பழக்கம் உண்டா? விழுந்து கும்பிடும்போது விரல்கள் மடங்கித் தரையில் ஊன்றும், இனி வலது கட்டைவிரல் அப்படி மடங்காது. முழங்காலிட்டுத் தொழுகிறவர்கள், ஜெபிக்கிறவர்கள் எல்லாரையும் இப்படிக் கேட்டுத்தான் முடிவெடுப்பாராம். நான் கோயிலில் நின்றே கும்பிட்டுக்கொள்கிறேன் என்றேன்.

இப்போது நாளுக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். வலி இல்லை. அடிப்பகுதி லேசாக உருண்ட ஷூ, மடங்காத மூட்டின் வேலையைச் செய்துவிடுகிறது. ஒற்றைக் காலை நுனியில் ஊன்றி மேல் பரணிலிருந்து எதையாவது எடுக்கப் போனால் மட்டும் உடம்பு தடுமாறும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்தபடி என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். 88 வயது. தழும்பைத் தடவிப் பார்த்தார், விரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஏல, இதென்ன ஆணி அடிச்ச மாதிரி நிக்கு?"

"ஆணிதான் பெரியம்மா. ஆறு ஆணி."

தன் காலை நீட்டி ஆட்டுவாலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னது எங்க சொன்னாலும் போவும். ஒன்னது எங்கயும் போவாது" என்றவர், நிலைப்படிக்குப் பக்கத்தில் கிடந்த பின்வார்ச் செருப்பைக் கை காட்டினார். "அதை எடுத்துப் போட்டு விடு. வாய்க்கா வரைக்கும் நடந்துட்டு வருவோம்."