உஷார்! ‘அதே மாதிரிதான் சார்’ என்றால் வாங்காதீர்கள்

தாத்தா காலத்து மர்ஃபியையோ பிலிப்ஸையோ பரணிலிருந்து இறக்கித் துடைத்து, மறுபடி பாடவைக்க வேண்டும் என்ற ஆசை பெங்களூரில் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அதற்காக எஸ்.பி. ரோட்டுக்கும் சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் பார்ட்ஸ் தேடிக் கிளம்புகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது. பழைய பார்ட்டைக் காட்டியதும் கடையில் ஒரு டப்பாவைக் கிளறி, “அதே மாதிரிதான் சார், தைரியமாப் போடுங்க” என்று எடுத்துக் கொடுப்பார்கள். அங்கேதான் ஆபத்து. வால்வு ரேடியோவில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பார்ட்டுகளில் ஒன்று செட்டைப் பாடவைக்கும், மற்றது எரித்துவிடும். சில இடங்களில் ஆளையே கொன்றுவிடும்.

உயிர் போகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்மூடியைக் கழற்றியதும் உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை, வால்வுகளின் பெயர்களும் ‘யு’ என்ற எழுத்தில் தொடங்குகின்றன என்றால் அது ஏ.சி./டி.சி. செட். அதன் சேசிஸ் பெரும்பாலும் மெயின்ஸின் ஒரு கம்பியோடு நேராகச் சேர்ந்திருக்கும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். குமிழைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூவைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். பாதுகாப்பு என்று நினைத்து மூன்று பின் பிளக் மாட்டி, எர்த் கம்பியைச் சேசிஸில் பற்றவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஃபேஸையோ நியூட்ரலையோ எர்த்தோடு நேரே முடிச்சுப் போடுவது, செய்யவே கூடாது. பெஞ்சில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்த செட்டுகளைத் தொடாதீர்கள். வேரியாக் அதற்கு ஈடாகாது. வோல்டேஜைக் குறைக்குமே தவிர, மெயின்ஸிலிருந்து உங்களைப் பிரிக்காது.

இதே செட்டில் ஏரியல் சாக்கெட்டுக்கு உள்பக்கம் ஒரு சின்ன கண்டென்சர் காவல் நிற்கிறது. அது ஷார்ட் ஆனால் மொட்டை மாடியில் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியில் கரண்ட் வந்துவிடும். துணி காயப்போடப் போகிறவர் அதைத் தொட்டால்? அந்த இடத்தில் ‘ஒய்’ வகைப் பாதுகாப்பு கண்டென்சர்தான் போட வேண்டும். மெயின்ஸ் வரும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருப்பதற்கு ‘எக்ஸ்-2’, 275 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டது வேண்டும். 400 வோல்ட் டி.சி. என்று போட்ட சாதாரண கண்டென்சர் இரண்டு இடத்துக்கும் ஆகாது.

அடுத்தது வால்வு. இ.சி.எல். 82, யு.சி.எல். 82, பி.சி.எல். 82 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. ஒரே கண்ணாடி, ஒரே 9 பின். ஆனால் ஹீட்டருக்கு முதலாவது 6.3 வோல்ட் கேட்கும், இரண்டாவது 50, மூன்றாவது 16. ‘யு’ வரிசை செட்டில் எல்லா ஹீட்டர்களும் சங்கிலிபோல் தொடராக, 100 மில்லி ஆம்பியரில் ஓடுகின்றன. அதில் இ.சி.எல். 82-ஐச் செருகினால் அது சரியாகச் சூடாகாது. அது விழுங்காமல் விட்ட வோல்டேஜ் மற்ற நல்ல வால்வுகளின் ஹீட்டர்களில் போய் விழும். எழுத்து அழிந்துபோன வால்வு என்றால் மல்டிமீட்டரை 4, 5-ஆம் பின்களில் வையுங்கள். குளிர்ந்த நிலையில் இ.சி.எல். 82 ஒன்றிரண்டு ஓம்தான் காட்டும். யு.சி.எல். 82 பல பத்து ஓம் காட்டும். கடையில் நின்றே பார்த்துவிடலாம்.

பெயர் அச்சையும் நம்பாதீர்கள். கண்ணாடியில் இருக்கும் எழுத்தைத் துடைத்துவிட்டு, விலை போகும் வெளிநாட்டுப் பெயரைக் குத்தி விற்பது உலகம் முழுக்க நடக்கிற மோசடி. பெங்களூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-லேயே ரிசீவிங் வால்வு செய்ய ஆரம்பித்துவிட்டது. ‘பெல்’ முத்திரையோடு நல்ல வால்வு கண்ணெதிரே இருக்க, சந்தேகமான முல்லார்டுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். எந்தப் பெயராக இருந்தாலும் கண்ணாடியின் உள்பக்கம் இருக்கும் வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் சரி. பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது.

அதிகமான செட்டுகளைப் பலி வாங்குவது ஒரு சின்ன கண்டென்சர்தான். முன் வால்வின் பிளேட்டிலிருந்து அவுட்புட் வால்வின் (உதாரணமாக இ.எல். 84) கிரிட்டுக்குப் போகும் 0.01 மைக்ரோ ஃபாரட். அந்தக் காலத்து மெழுகுக் காகித கண்டென்சர் இத்தனை வருஷத்தில் கசியாமல் இருக்காது. கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும், இ.எல். 84-இன் பிளேட் சிவக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். இதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கடையில் ‘0.01’ என்று மட்டும் கேட்டால் ‘103’ என்று போட்ட வட்டமான செராமிக் ஒன்றைக் கையில் வைப்பார்கள். கணக்கு சரிதான்: 10,000 பிகோ ஃபாரட். ஆனால் அது 50 வோல்ட் தாங்குவதாக இருக்கலாம். செட்டைப் போட்டதும், வால்வுகள் சூடாகும் முன், அந்த இடத்தில் 300 வோல்ட்வரை ஏறலாம். 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் என்று கேட்டு வாங்குங்கள். போட்டபின் இ.எல். 84-இன் 2-ஆம் பின்னில் அளந்தால் டி.சி. பூஜ்யம் காட்ட வேண்டும்.

ஃபில்டர் கண்டென்சரில் வேறொரு தவறு. ‘பெரிசாப் போட்டா ஹம் குறையும்’ என்று 220 மைக்ரோ ஃபாரட் மாட்டிவிடுகிறார்கள். இ.இசட். 80 ரெக்டிஃபையரை அடுத்து வரும் முதல் கண்டென்சர் 50 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரெக்டிஃபையர் போய்விடும்.

ரெசிஸ்டரிலும் கவனம் வேண்டும். மிகப் பழைய செட்டுகளில் வளையங்கள் இருக்காது. உடலின் நிறம் முதல் எண், முனையின் நிறம் இரண்டாவது எண், நடுப்புள்ளி எத்தனை சைபர் என்பது. மஞ்சள் உடல், ஊதா முனை, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 47,000 ஓம். புள்ளியே காணோம் என்றால் உடலின் நிறம்தான் புள்ளியின் நிறமும்; அது 4,70,000 ஓம். நிறம் புரியவில்லை என்று மீட்டரில் அளந்து, அது காட்டும் மதிப்பையே வாங்காதீர்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு வருஷம் போகப் போக ஏறிவிடும். பழுதையே விலை கொடுத்து வாங்கியதாக ஆகும்.

எதையும் வெட்டும் முன் சேசிஸின் அடிப்பக்கத்தை நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். மாடல் நம்பரை வைத்து சர்க்யூட் தேடுங்கள். அந்தப் பார்ட் எந்த வால்வின் எந்தப் பின்னில் சேர்கிறது என்று பார்த்தபின் கடைக்குப் போங்கள். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள். செட்டைப் போட்டதிலிருந்து பல்பு மங்காமல் முழு வெளிச்சத்தோடு எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. உடனே சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.