கொள்ளைநோய் நாட்களில் மலிவான விமானச் சீட்டு: வாங்குமுன் செலவைக் கணக்கிடுங்கள்



பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டுப் பட்டணங்களில் குடியேறிய நமக்கு, ஊரிலிருந்து இரவு நேரத்தில் வரும் தொலைபேசி அழைப்பைப் போல நெஞ்சைப் பதறவைப்பது வேறொன்றுமில்லை. “அம்மாவுக்கு மிகவும் முடியவில்லை, உடனே புறப்பட்டு வாருங்கள்” என்ற ஒரு வார்த்தை போதும். கையில் இருக்கும் பணம், கழுத்தில் இருக்கும் நகை எல்லாம் பயணச்சீட்டாக மாறிவிடும். சாதாரண நாட்களிலேயே இது பாரமான காரியம். தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருக்கும் நாட்களில் இதே அழைப்பு வந்தால் என்ன செய்வது? எந்தச் சீட்டை வாங்குவது? எதை நம்புவது?

மைசூரு அக்ரஹாரத்திலும் அதைச் சுற்றியுள்ள வீதிகளிலும் வாழும் நம் குடும்பங்கள் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் இந்தக் கேள்வியைச் சந்தித்தன. அந்த நாட்கள் கடந்துபோயின. ஆனால் கொள்ளைநோய் மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆகவே அன்று நடந்தவற்றை நிதானமாகத் திரும்பிப் பார்த்து, வருங்காலத்திற்கு வேண்டிய ஞானத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

கட்டணம் ஏன் விழுகிறது, ஏன் ஏறுகிறது?

ஒரே விமானத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்தியிருப்பது உண்டு. விமான நிறுவனங்கள் இருக்கைகளைப் பல கட்டணப் பிரிவுகளாகப் பிரித்து, குறைந்த கட்டணத்தில் உள்ளவற்றை முதலில் விற்கின்றன. அவை தீரத் தீர விலை ஏறுகிறது. “முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்” என்ற ஆலோசனை இதிலிருந்தே பிறந்தது.

கொள்ளைநோய் இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. நோய்ச் செய்தி பரவத் தொடங்கியதும் ஜனங்கள் பிரயாணத்தைத் தவிர்க்கிறார்கள், இருக்கைகள் காலியாகின்றன, விலை சரிகிறது. சில வாரங்களில் நிறுவனங்கள் விமானங்களையே குறைத்துவிடுகின்றன; அப்பொழுது எஞ்சியிருக்கும் சில இருக்கைகளுக்குப் பலர் போட்டியிடுவதால் விலை மீண்டும் ஏறுகிறது. 2003 ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் ஹாங்காங்கையும் சிங்கப்பூரையும் வாட்டியபோதும் பயணிகள் குறைந்தார்கள், விமானங்களும் வெகுவாகக் குறைக்கப்பட்டன. ஆகவே நோயின் முதல் வாரங்களில் கண்ணில்படும் மலிவு விலைக்குப் பின்னால், அந்த விமானம் புறப்படாமலே போகக்கூடும் என்ற அபாயமும் மறைந்திருக்கிறது.

நம் தேசத்தில் நடந்தது

2020 மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. சரியாக இரண்டு மாதங்கள் கழித்து, மே 25 அன்று, வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு விமானங்களே மீண்டும் பறக்க அனுமதிக்கப்பட்டன. குறைந்த இருக்கைகளுக்குக் கொள்ளை விலை வைக்கப்படாதபடி மத்திய அரசு பறக்கும் நேரத்தின்படி ஏழு பிரிவுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழ் எல்லையும் மேல் எல்லையும் விதித்தது. 40 நிமிடத்திற்குக் குறைவான பயணத்திற்கு 2,000 ரூபாய் முதல் 6,000 ரூபாய் வரை. மூன்று முதல் மூன்றரை மணி நேரப் பயணத்திற்கு 6,500 முதல் 18,600 ரூபாய் வரை. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் இதற்கு மேல். நூற்றுக்கு 40 இருக்கைகளை இரு எல்லைகளுக்கும் நடுவிலுள்ள தொகைக்குக் குறைவாக விற்கவேண்டும் என்பதும் விதி.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மேல் எல்லை பயணியைக் காத்தது; கீழ் எல்லையோ நிறுவனங்களைக் காத்தது. அந்த நாட்களில் ஆயிரம் ரூபாய்ச் சலுகைச் சீட்டைத் தேடி இரவெல்லாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வீணாகவே விழித்திருந்தார். அப்படிப்பட்ட சீட்டை விற்க அனுமதியே இல்லை. 2021 செப்டம்பரில் இந்த எல்லைகள் அடுத்த 15 நாட்களுக்குள் புறப்படும் பயணங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டன. 2022 ஆகஸ்ட் 31 அன்று அவை முற்றிலும் நீக்கப்பட்டன. கொள்ளைநோய்க் காலத்தில் அரசின் விதியே விலையைத் தீர்மானிக்கலாம் என்பதால், சீட்டைத் தேடுமுன் அந்த வாரத்து விதியை அறிந்துகொள்ளுங்கள்.

சீட்டின் விலை பயணத்தின் விலையல்ல

கோபுரம் கட்டத் தொடங்குமுன் செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவர் உவமையாய்ப் போதித்தது நமக்குத் தெரியும். விமானப் பிரயாணத்திலும் அடித்தளம் மட்டும் மலிவாயிருந்தால் போதாது.

மைசூருவுக்கு மண்டகள்ளியில் விமான நிலையம் உண்டு. ஆயினும் அங்கிருந்து சில ஊர்களுக்கே விமானம் செல்வதால், நம்மில் பெரும்பாலோர் பெங்களூருவைத் தாண்டித் தேவனஹள்ளிக்குப் போகவேண்டியிருக்கிறது. அந்தப் பேருந்துச் செலவு, பெட்டிகளுக்கான கூடுதல் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், போய்ச் சேருமிடத்தில் தனித்திருக்கும் செலவு ஆகிய அனைத்தையும் கூட்டிப் பாருங்கள். 2020 மே மாதத்தில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலிருந்து கர்நாடகத்திற்கு வந்தவர்கள் ஏழு நாட்கள் அரசு குறித்த இடத்தில் தனித்திருக்கவேண்டும் என்று கட்டளை பிறந்தது. விடுதியைத் தெரிந்துகொண்டவர்கள் வாடகையைத் தாமே செலுத்தினார்கள். சில ஆயிரம் ரூபாய்ச் சீட்டில் ஊருக்குப் போனவர், திரும்பி வருகையில் அதைவிட அதிகமாய் விடுதிக்குக் கொடுக்க நேர்ந்தது. ஏழு நாள் கூலியை இழந்ததோ வேறு கணக்கு.

வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் சகோதரர்கள் கட்டணம் குறைவு என்பதால் 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணூர் விமான நிலையத்தையோ கோழிக்கோட்டையோ தெரிந்துகொள்வதுண்டு. சாதாரண நாட்களில் இது நல்ல யோசனையே. ஆனால் 2020 மார்ச் மாதக் கடைசியில் கேரள எல்லைச் சாலைகள் மண் கொட்டி அடைக்கப்பட்டன. கண்ணூருக்குப் போகும் வழியிலுள்ள மாக்குட்டாவும் அவற்றில் ஒன்று. விமானம் இருந்தும் விமான நிலையத்தை அடைய வழி இல்லாமற்போகலாம். ஆகவே கொள்ளைநோய் நாட்களில் மாநில எல்லையைக் கடக்காமல் சேரக்கூடிய விமான நிலையமே, கட்டணம் சற்று அதிகமானாலும், பாதுகாப்பானது.

பணம் திரும்பி வருமா?

இதுவே எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு 3,200 ரூபாய்ச் சீட்டு ஒன்று. ரத்து செய்தால் வரிப்பணம் 600 ரூபாய் மட்டும் திரும்பும். ஆளுக்கு 4,000 ரூபாய்ச் சீட்டு மற்றொன்று. ரத்து செய்தால் 500 ரூபாய் மட்டும் பிடித்துக்கொள்வார்கள். முதலாவதை வாங்கினால் 3,200 ரூபாய் மிச்சம் என்று மனம் மகிழும். ஆனால் புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், முதலாவது சீட்டில் 10,400 ரூபாய் போய்விடும். இரண்டாவதில் 2,000 ரூபாயோடு தப்பிக்கலாம். பிரயாணம் தடைபடும் வாய்ப்பு மிகுந்த நாட்களில் எது மலிவு என்று நீங்களே நிதானித்துப் பாருங்கள்.

2020 ஆம் ஆண்டில் ரத்தான விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தராமல், பிற்காலப் பயணத்திற்கு வரவு வைத்துக்கொள்வதாகச் சொல்லின. கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு அரிசி வாங்கப் பணம் தேவை. வரவுக் கணக்கு அடுப்பில் வேகாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஊரடங்கு நாட்களில் பதிவு செய்து அந்நாட்களிலேயே பயணம் செய்யவிருந்தோருக்கு முழுப் பணமும் உடனே திரும்பவேண்டும், மற்றவர்களுக்கு 15 நாட்களுக்குள் தரவேண்டும், பண நெருக்கடியிலுள்ள நிறுவனம் மட்டும் 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தத்தக்க வரவாக வைக்கலாம், அந்த வரவைப் பிறருக்கு மாற்றித் தரலாம், அதுவரை பயன்படுத்தாவிட்டால் பணமாகவே திருப்பவேண்டும்.

நிறுவனம் விழுந்துவிட்டால் தீர்ப்புகளும் எளிதில் உதவா. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. கையில் சீட்டு வைத்திருந்தவர்கள் கடன் கொடுத்தவர்களின் நீண்ட வரிசையில் கடைசியில் நின்றார்கள். சம்பளம் தரமுடியாமல் தத்தளிக்கும் நிறுவனம் திடீரென்று பெருஞ்சலுகை அறிவித்தால் விலகியிருங்கள்.

கைக்கொள்ளவேண்டிய சில ஆலோசனைகள்

1. அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்யாதிருங்கள். நிறுவனம் விமானத்தை ரத்து செய்தால் முழுப் பணத்தையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பயந்து நீங்கள் முந்திக்கொண்டால் ரத்துக் கட்டணம் உங்கள் தலையில் விழும். விமானம் நிற்கும் என்று தோன்றினால், ரத்து செய்வதற்கான கடைசி நேரத்தை அறிந்துகொண்டு அதுவரை பொறுத்திருங்கள்.

2. கூடுமானவரை நிறுவனத்தினிடமே நேராகப் பதிவு செய்யுங்கள். முகவர் மூலமாகப் பதிவு செய்தால், திரும்பும் பணம் முதலில் முகவரின் கணக்குக்கே போகிறது. அவர் கடை மூடிவிட்டால் அலைச்சல் உங்களுக்கே.

3. முகவர் பதிவு செய்தாலும் உங்கள் கைபேசி எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். ரத்துச் செய்தி அவருக்குப் போய், நீங்கள் பிள்ளைகுட்டிகளோடு விமான நிலைய வாசலில் நிற்கக்கூடாது. பி.என்.ஆர். எண்ணையும் ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. இரு வேறு நிறுவனங்களில் தனித்தனிச் சீட்டு வாங்கி மாறிப் போகும் பயணம் மலிவாகத் தெரியும். முதல் விமானம் ரத்தானால் இரண்டாவதன் பணத்திற்கு எவரும் பொறுப்பேற்கமாட்டார்கள். ஒரே சீட்டில், நேராகப் போகும் விமானமே நல்லது.

5. நீங்களே ரத்து செய்தாலும், பறக்காத பயணத்திற்குரிய வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் உங்களுக்குச் சேரவேண்டியவை. சிறு தொகை என்று விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள்.

6. பயணக் காப்பீடு எடுத்தால் சிறிய எழுத்துகளையும் வாசியுங்கள். நோய் பரவியது வெளிப்படையாகத் தெரிந்த பின்பு எடுத்த காப்பீடு அந்த நோயினால் வரும் இழப்பைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

7. பணத்தைத் திரும்பப் பெற உதவுவதாகச் சொல்லும் போலித் தொலைபேசி எண்கள் இணையத்தில் உலாவுகின்றன. சீட்டில் அச்சிட்ட எண்ணுக்கே பேசுங்கள். வங்கி அனுப்பும் ரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதிருங்கள்.

8. சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ போக ரயில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தே பாரத் வண்டி 2022 நவம்பர் முதல் சென்னைக்கும் மைசூருவுக்கும் இடையே ஓடுகிறது. தேவனஹள்ளி வரை போய்க் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால், விமானம் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை.

கடல் கடந்து வாழ்வோருக்கு

2020 மே 7 முதல் வந்தே பாரத் திட்டத்தின் கீழ் வெளிநாடுகளிலிருந்து இந்தியர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அது இலவசமல்ல, கட்டணம் செலுத்தியே வந்தார்கள். தூதரகத்தில் பதிவு செய்தவர்களில் கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள், வேலை இழந்தோர், வீட்டில் மரணம் நேரிட்டோர் ஆகியோருக்கு முன்னுரிமை கிடைத்தது. ஆகவே வெளிநாட்டில் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகள் சாதாரண நாட்களிலேயே தூதரகத்தின் தொடர்பு விவரங்களைக் குறித்து வைத்திருக்கட்டும். கையில் ஒன்றுமின்றித் தவிப்போர் 2009 இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமுதாய நல நிதியின் உதவியைத் தூதரகத்தில் கேட்கலாம்.

போகத்தான் வேண்டுமா?

பிரியமானவர்களே, கடைசியாக, பணத்தைவிடப் பெரிய ஒரு காரியம். திரும்பப் பெறமுடியாத சீட்டை வாங்கிய மனுஷனுக்குக் காய்ச்சல் கண்டால், அவன் மனம் என்ன சொல்லும்? “ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடலாம், பணம் வீணாகுமே” என்று சொல்லும். சோதனை வாசலில் வெப்பமானியை ஏமாற்றிவிடலாம். ஆனால் யாரைப் பார்க்கப் போகிறோமோ அந்த முதிர்ந்த தாயின் படுக்கையருகே நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்போமே! சில ஆயிரம் ரூபாயைக் காப்பாற்ற ஒரு தாயை இழப்பது எந்தக் கணக்கில் லாபம்? தொற்றுள்ளவரை ஏழு நாள் பிரித்து வைக்கும் ஒழுங்கு லேவியராகமத்திலேயே உண்டு. அதை அவமானமாக எண்ணவேண்டாம். அது பிறர்மேல் நாம் காட்டும் அன்பு.

ஆகவேதான் பணம் திரும்பும் சீட்டை வாங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன். அப்படிப்பட்ட சீட்டு கையில் இருந்தால், “இன்று நான் போகக்கூடாது” என்று உண்மையைச் சொல்வது எளிதாயிருக்கும்.

சபைகளும் இதில் பங்கெடுக்கலாம். கடைசி முறையாகத் தாய் தகப்பன் முகத்தைப் பார்க்கப் புறப்படும் ஏழைக் குடும்பம், கந்துவட்டிக்குக் கடன் வாங்கிச் சீட்டு எடுக்கும் நிலை நம் நடுவில் வேண்டாம். மலிவுச் சீட்டுக்கும் நல்ல சீட்டுக்கும் உள்ள அந்த எண்ணூறு ரூபாய் வித்தியாசத்தைச் சபையார் பகிர்ந்து சுமக்கலாம். கணினி அறிந்த நம் வாலிபர், எழுதப் படிக்கத் திணறும் பெரியவர்களுக்காகச் சீட்டின் நிபந்தனைகளை வாசித்துச் சொல்லலாம். இதுவும் ஊழியமே.

கர்த்தர்தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, பிரயாணங்களை வாய்க்கப்பண்ணி, உங்கள் குடும்பத்தாரைச் சுகத்தோடு சந்திக்கக் கிருபை செய்வாராக.